மூன்று யார் லேஸ்

மூன்று யார் லேஸ் வேணும் என்றேன்.
எத்தனை வயது என்று கேட்டார்
சவப்பெட்டிக் கடை மத்தியாஸ்.
இருபத்துநாலு.
உயரம்?
ஐந்தடி மூன்று.
கொப்பியில் எழுதிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"ஐயோ, என்ன நடந்தது?"
எனக்குத்தான் அங்கிள், சட்டைக்கு.

கஸ்தூரியார் வீதி முழுக்க ஏறி இறங்கியாயிற்று.
சரிகை வைத்தது உண்டு, முத்து வைத்தது உண்டு.
கறுப்பு லேஸ் என்றால்
விற்கிற பெண் முதலாளியைப் பார்க்கிறாள்,
முதலாளி சாமிப் படத்தைப் பார்க்கிறார்.
மத்தியாஸிடம் இருந்தது வெள்ளை.
வீட்டில் சாயம் காய்ச்சினேன்.
அம்மா பழைய வாளி ஒன்று தந்தா,
தந்துபோட்டு "விசர்" என்றா.
இரண்டு நாளைக்கு என் நகங்கள்
காசில்லாமல் கறுத்திருந்தன.

மூடுபனி உள்ள ஊர்களில் பிறந்த உடை இது.
இங்கே பத்து மணிக்கே
கண்மை கன்னத்தில் இறங்கி
கழுத்துவரை ஓடுகிறது.
யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை என்று
புவியியல் ரீச்சர் சொன்னது பொய்.

கண்ணூறு படாதிருக்கக்
கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்துத்தானே வளர்த்தீர்கள்.
நான் உதட்டுக்கும் வைத்தேன்.
இவ்வளவுதான் நடந்தது.

பண்ணைப் பாலத்தடியில் பொலிஸ்காரன் மறித்தான்.
கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை,
முதுகில் நீளமாய் ஒரு பை.
"இண்டைக்கு என்ன நாள்?"
வியாழக்கிழமை.
"அது தெரியும். என்ன நினைவு நாள்?"
கைபேசியில் கலண்டரைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.
மே பார்த்தான், ஜூலை பார்த்தான்,
நவம்பரில் கொஞ்சம் நின்றான்.
துக்கம் இல்லாமல் கறுப்பு உடுத்தவளை
எந்தப் பக்கத்தில் பதிவது?
பையைத் திறக்கச் சொன்னான். பேஸ் கிற்றார்.
தடித்த நரம்பை விரலால் ஒருமுறை தட்டினான்.
கடல் தொண்டையைச் செருமியதுபோல
ஒரு சத்தம்.
"போ" என்றான்.

குருநகரில் மூடிக்கிடக்கும் ஐஸ் தொழிற்சாலை.
சுவரெல்லாம் உப்புப் பூத்திருக்கும்.
ஜெனற்றா டிரம்ஸ். பகலில் வங்கியில்
அடகு நகை நிறுக்கிறவள்,
ஒரு மில்லிகிராம் பிசகமாட்டாள், அடியிலும்.
பாடுவது சிவாஜினி.
தேவாரப் போட்டியில் மூன்று வருடம் முதலிடம் எடுத்த குரல்,
இப்போது கிணற்றுக்கு அடியில் இருந்து வருகிறது.
வௌவால்கள்தான் ரசிகர்கள்.
எந்தப் பாட்டையும் தலைகீழாய்த்தான் கேட்கும்,
ஆனாலும் எழும்பிப் போனதில்லை.

"காணாமல் போனவர்களைப் பற்றிய பாட்டோ?"
கேட்கிறார்கள்.
இல்லை, பல்லுக்குத்தைப் பற்றியது என்பாள் ஜெனற்றா.
உண்மை. இரவு முழுக்கத் தாடையைப் பிடித்தபடி
வீட்டுக்குள் நடக்கிற ஒரு பெண்ணின் பாட்டு.
ஆனால் மூன்றாவது வரியில்
கேட்காமலே யாரோ வந்து
கதிரையில் இருந்துவிடுகிறார்.
எத்தனைதரம் திருத்தி எழுதினாலும்
எழும்புவதாயில்லை.

போன கிழமை மத்தியாஸ் செத்துப்போனார்.
வெள்ளைச் சட்டை போட்டு, உதட்டைக் கழுவிப்போட்டுப் போனேன்.
ஒழுங்கையில் நின்றவர்கள்
"இண்டைக்குத்தான் பிள்ளை வடிவாய் இருக்கு" என்றார்கள்.
பெட்டியின் விளிம்பைச் சுற்றி
அதே லேஸ். அதே ஐந்திதழ்ப் பூ.
நான் வாங்கியதன் தொடர்ச்சி,
வெட்டின இடம்கூடத் தெரிந்தது எனக்கு.

சனமெல்லாம் வெள்ளை.
அவரின் மனைவி றோசலின் மட்டும் கறுப்பு,
தலையில் இருந்து கால்வரை.
என் கையைப் பிடித்து
மேலும் கீழும் பார்த்தா.
"எங்கை பிள்ளை அந்தச் சட்டை?
தைச்சு முடிஞ்சா காட்டவேணும் எண்டு
சொல்லிக்கொண்டெல்லே இருந்தவர்."

பூசைக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம்.
சைக்கிளை எடுத்தேன்.
உச்சி வெயில்.
கண்மை வழிந்தால் வழியட்டும்,
இண்டைக்கு ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள்.